உறைந்த தேன் கலப்படத் தேனா? மார்த்தாண்டம் தேனைப் பற்றி ஒரு விளக்கம்

பங்குனி, சித்திரையில் குமரி மாவட்டத்து மார்த்தாண்டம் பகுதியிலிருந்து சென்னைக்கும் பெங்களூருக்கும் புறப்படுகிற பைகளில் நேந்திரங்காய்ச் சிப்ஸோடு ஒரு பாட்டில் தேனும் இருக்கும். வாங்கும்போது பொன்னிறத்தில் ஓடுகிற அந்தத் தேன், ஐப்பசிக்குள் அடியில் வெள்ளை பூத்து, மார்கழியில் உறைந்த நெய் போல நின்றுவிடுகிறது. உடனே ஊருக்கு போன் வருகிறது: "சர்க்கரைப் பாகைக் காய்ச்சி ஊற்றி ஏமாற்றிவிட்டார்கள்." வாங்கி அனுப்பிய அத்தையிடம் பதில் இல்லை. பழி விற்றவர் தலையில் விழுகிறது.

இந்தச் சந்தேகம் பழையதுதான். 2020 டிசம்பரில் கடைத் தேன்களில் கலப்படம் என்ற செய்தி நாடெங்கும் பேசப்பட்ட பிறகு அது இன்னும் வலுத்தது. 2023-இல் மார்த்தாண்டம் தேனுக்குப் புவிசார் குறியீடு கிடைத்ததும், "அப்படியானால் இது சுத்தம் என்று அரசே சொல்லிவிட்டதா?" என்று மற்றொரு குழப்பம் சேர்ந்துகொண்டது. உறைவதற்கான காரணம் ரப்பர் மரத்தின் இலைக்காம்பில் இருக்கிறது. குறியீட்டின் பொருளைப் புரிந்துகொள்ளவோ, நூறாண்டுகளாக இந்தச் சிற்றூரில் பெட்டி வைத்துவரும் மனிதர்களைப் பற்றியும் கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும்.

தேன் எப்படித் தேனாகிறது

செடி சுரக்கும் இனிப்பு நீருக்கு மதுரம் என்று பெயர். அதில் பெரும்பங்கு தண்ணீர். சர்க்கரையும் பெரும்பாலும் நாம் காபியில் போடுகிற சுக்ரோஸ் வகைதான். பணித் தேனீ அதை உறிஞ்சி, வயிற்றுக்கு முன்னால் உள்ள தேன்பையில் நிரப்பிக்கொண்டு கூட்டுக்கு வருகிறது. வழியிலேயே அதன் உமிழ்நீரில் உள்ள நொதிகள் வேலையைத் தொடங்கி, சுக்ரோஸை குளுக்கோஸ், ஃபிரக்டோஸ் என்ற இரண்டு எளிய சர்க்கரைகளாக உடைக்கின்றன. கூட்டில் ஒரு தேனீ மற்றொன்றின் வாய்க்குக் கைமாற்றிக் கைமாற்றி அதை அறைகளில் சேர்க்கிறது. பிறகு இரவெல்லாம் சிறகால் விசிறி நீரை வற்றவைக்கின்றன. ஈரம் போதிய அளவு இறங்கியதும் அறையின் வாயை மெழுகால் மூடிவிடுகின்றன.

அந்த மெழுகு மூடிதான் தேன் முதிர்ந்துவிட்டது என்பதற்குத் தேனீ வைக்கும் முத்திரை. அடையில் முக்கால் பங்கு அறைகளாவது மூடப்பட்ட பிறகே தேன் எடுக்க வேண்டும் என்பது தொழிலின் பாலபாடம். அவசரப்பட்டு முன்னதாக எடுத்தால் ஈரம் மிகுந்து புளித்துவிடும். மக்கள் கலப்படம் என்று எண்ணுகிற புளிப்பில் ஒரு பகுதி, உண்மையில் இந்த அவசரம்.

பூவில்லாத தேன்

தேன் என்றதும் பூவை நினைப்பது இயல்பு. மார்த்தாண்டம் தேனின் பெரும்பகுதிக்கும் பூவுக்கும் தொடர்பு இல்லை என்றால் பலர் நம்புவதில்லை.

ரப்பர் இலை மூன்று சிற்றிலைகள் சேர்ந்தது. நீண்ட காம்பின் நுனியில் அந்த மூன்றும் கூடுகிற இடத்தில் கடுகளவில் சில சுரப்பிகள் இருக்கின்றன. மதுரம் சுரப்பது அங்கேதான். எல்லா இலையிலும் எப்போதும் சுரப்பதில்லை. டிசம்பர் கடைசியில் ரப்பர் மரங்கள் இலையைப் பழுக்கவிட்டு உதிர்க்கின்றன. தை பிறக்கும்போது பல விளைகள், அதாவது தோட்டங்கள், மொட்டையாக நிற்கும். பிறகு செம்பு நிறத்தில் தொங்கும் தளிர்கள் வருகின்றன. அவை விரிந்து இளம்பச்சைக்கு மாறுகிற சில வாரங்கள் மட்டும் காம்பு நுனி பளபளவென்று ஈரமாக இருக்கும். விரலால் தொட்டு நாக்கில் வைத்தால் இனிக்கும். இலை முற்றிவிட்டால் சுரப்பும் நின்றுவிடும்.

திருவட்டாறு, குலசேகரம், அருமனை, பேச்சிப்பாறை எனக் குமரி மாவட்டத்தின் மேற்கு, வடமேற்குப் பகுதிகள் முழுவதும் ரப்பர். தனியார் விளைகளும், 1984-இல் உருவான அரசு ரப்பர் கழகத்தின் தோட்டங்களுமாகத் தமிழ்நாட்டின் ரப்பரில் பெரும்பங்கு இங்கேதான். ஆயிரக்கணக்கான ஏக்கர் மரங்கள் ஒரே சமயத்தில் இலை உதிர்த்து ஒரே சமயத்தில் துளிர்க்கின்றன. ஒரு தேனீக் கூட்டத்துக்கு இதைவிடப் பெரிய விருந்து தென்னாட்டில் அரிது.

இதில் ஒரு பொருத்தம் உண்டு. இலை உதிர்ந்து துளிர்க்கும் அந்த மாதங்களில் மரத்தில் பால் குறையும். பல விளைகளில் பால்வெட்டை நிறுத்தி, மரத்தில் கட்டிய சிரட்டைகளைக் கவிழ்த்து வைத்துவிடுவார்கள். வெட்டுத் தொழிலாளிக்கு வருமானம் வற்றுகிற காலம் அது. அதே காலத்தில்தான் அதே மரத்தின் உச்சியிலிருந்து தேன் வருகிறது. சிறிய விளைக்காரர்களும் பால்வெட்டுவோரும் இந்தத் தொழிலை விடாமல் பிடித்துக்கொண்டதற்கு இந்த நாட்காட்டிப் பொருத்தம் ஒரு பெரிய காரணம் என்றே தோன்றுகிறது.

சரி, ஏன் உறைகிறது?

1. தேன் என்பது இயல்பாகவே அளவுக்கு மீறிச் சர்க்கரை கரைந்திருக்கும் கரைசல். அவ்வளவு கொஞ்சத் தண்ணீரில் அவ்வளவு சர்க்கரை நெடுங்காலம் கரைந்த நிலையில் இருக்க முடியாது. ஒரு பகுதி வெளியேறப் பார்க்கும்.

2. வெளியேறுவது குளுக்கோஸ். ஃபிரக்டோஸ் தண்ணீரில் எளிதில் கரையும். குளுக்கோஸ் அவ்வளவு எளிதில் கரையாது. ஆகவே எந்தத் தேனில் குளுக்கோஸின் பங்கு கூடுதலோ அது விரைவில் உறையும். ரப்பர் தேன் அந்த வகை. ஃபிரக்டோஸ் மிகுந்த தேன்கள் ஓராண்டுக்கு மேலும் நீராகவே நிற்கும்.

3. உறையத் தொடங்க ஒரு விதை வேண்டும். மகரந்தத் துகள், மெழுகுத் துணுக்கு, பாட்டிலின் அடியில் ஒட்டியிருந்த பழைய தேனின் ஒரு படிகம், எதுவும் போதும். மகரந்தம் நீக்கப்படாத நாட்டுத் தேன் கடைத் தேனைவிட விரைவாக உறைவது இதனால்தான்.

4. ஏறத்தாழ 14 பாகை செல்சியஸில் உறைதல் மிக வேகமாக நடக்கும். மார்த்தாண்டத்து வெக்கையில் மாதக்கணக்கில் தாக்குப்பிடித்த பாட்டில், பெங்களூருக் குளிரில் சில வாரங்களில் கட்டியாவது அதனால்தான். குளிர்சாதனப் பெட்டிக்குள் வைத்துவிட்டுப் புகார் சொல்பவர்களும் உண்டு.

சர்க்கரைப் பாகு கலந்த தேனும் உறையலாம், உறையாமலும் இருக்கலாம். எந்தப் பாகு, எவ்வளவு என்பதைப் பொறுத்தது. ஆக, உறைந்ததை வைத்துக் கலப்படம் என்றும் சொல்ல முடியாது. உறையாததை வைத்துச் சுத்தம் என்றும் சொல்ல முடியாது. நன்றாகச் சூடாக்கி நுண்வடிகட்டிய தேன் விதைகளை இழந்துவிடுவதால் நாள்பட ஓடிக்கொண்டே இருக்கும். கடை அலமாரியில் ஆண்டு முழுவதும் கண்ணாடி போல நிற்கிற தேனைப் பார்த்துத்தான் நமக்கு "தேன் உறையாது" என்ற எண்ணமே வந்திருக்க வேண்டும்.

நாய் நக்காது, எறும்பு மொய்க்காது

வீட்டுச் சோதனைகளுக்குக் குறைவே இல்லை. நல்ல தேனை நாய் நக்காது, எறும்பு மொய்க்காது, தண்ணீரில் விட்டால் கரையாமல் அடிக்குப் போகும், தேனில் தோய்த்த தீக்குச்சி பற்றும், மை ஒற்றும் தாளில் ஊறாது. நாய்க்குத் தேனின் வேதியியல் தெரியாது. எறும்பைப் பொறுத்தவரை, தேனீ வளர்ப்பவரைக் கேட்டால் போதும். பெட்டி நிற்கும் காலைச் சுற்றித் தண்ணீர்க் கிண்ணம் வைத்திருப்பதே எறும்பு தேனைத் தேடி ஏறிவிடாமல் இருக்கத்தான். மற்ற மூன்றும் தேனின் அடர்த்தியையும் ஈரத்தையும்தான் காட்டும். கெட்டியாகக் காய்ச்சிய சர்க்கரைப் பாகு இவை எல்லாவற்றிலும் தேறிவிடும். சற்று ஈரம் கூடிய அசல் தேன் தோற்றுவிடும்.

ஆய்வகம் என்ன பார்க்கிறது

உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையத்தின் விதிகளில் சாதாரண வாசகருக்குத் தெரிந்திருக்க வேண்டியவை சில. தேனில் ஈரம் 20 விழுக்காட்டுக்கு மேல் கூடாது. உடையாத சுக்ரோஸ் பொதுவாக 5 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. அளவுக்கு மீறிச் சூடாக்கியதையும் பழையதையும் காட்டிக்கொடுக்கும் ஹைட்ராக்ஸிமெத்தில் ஃபர்ஃபுரால் என்ற வேதிப்பொருளுக்கும் உச்சவரம்பு உண்டு.

அடுத்தது கலப்படத்தைப் பிடிக்கிற சோதனைகள். கரும்பும் சோளமும் காற்றிலிருந்து கரியை (கார்பனை) எடுத்துக்கொள்ளும் முறை வேறு; தேனீக்கள் நாடும் பெரும்பாலான மரஞ்செடிகளின் முறை வேறு. முதல் வகையை சி4 என்றும் இரண்டாவதை சி3 என்றும் தாவரவியல் அழைக்கிறது. இருவகைச் சர்க்கரையிலும் கரியின் எடை சற்று வேறுபடுவதால், கரும்புச் சர்க்கரை கலந்தால் ஆய்வகம் கண்டுபிடித்துவிடும். அரிசியும் பீட்ரூட் இனத்துக் கிழங்கும் சி3 வகை. அவற்றிலிருந்து செய்த பாகு இந்த வலையில் சிக்காது. அதற்கென்று தனிச் சோதனைகள் வேண்டும்.

2020-இல் நடந்தது இதன் அடுத்த கட்டம். தில்லியில் உள்ள அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் 13 நிறுவனங்களின் தேனைச் சோதித்தது. வழக்கமான சோதனைகளில் தேறிய பலவும், தேனின் மூலக்கூறு அமைப்பையே படம்பிடிக்கிற அணுக்காந்த ஒத்ததிர்வுச் சோதனையில் தோற்றன, தேறியவை மூன்றுதான். சோதனையை ஏமாற்றுவதற்கென்றே தயாரிக்கப்பட்ட பாகுகள் சந்தையில் இருப்பதாக அந்த மையம் சொன்னது. குற்றச்சாட்டு, பெரிய அளவில் பாட்டிலில் அடைத்து விற்பவர்களைப் பற்றியது. சந்தேகத்தின் சுமையோ வீட்டுத் திண்ணையில் பத்துப் பெட்டிகளின் தேனை விற்கிறவர் மேல்தான் அதிகம் விழுந்தது, ஏனெனில் அவரிடம் காட்டுவதற்குச் சான்றிதழ் எதுவும் இல்லை.

பெட்டி ஊருக்கு வந்தது

தேன் இங்கே என்றைக்கும் இருந்தது. மலையில் காணிப் பழங்குடி மக்கள் காட்டுத் தேன் எடுத்தார்கள். ஊர்ப்புறத்தில் மரப்பொந்திலும் பாழ்ச்சுவரிலும் இருந்த கூட்டைத் தீப்பந்தத்தால் விரட்டி, அடையைப் புழுவோடு பிழிந்து எடுப்பது வழக்கமாக இருந்தது. தேனோடு கூட்டமும் அழியும்.

மாற்றம் இரண்டு பக்கங்களிலிருந்து வந்தது. ஒன்று, பெட்டி. அடை கட்டும் மரச்சட்டங்களைத் தனித்தனியே தூக்கி எடுக்கக்கூடிய பெட்டியில் அடையைச் சிதைக்காமல் தேனைச் சுழற்றி எடுக்கலாம். வெற்று அடையைத் திருப்பி வைத்தால் தேனீ மறுபடி நிரப்பும். மேலைநாட்டுப் பெட்டிகள், பல அடைகளை அடுக்கடுக்காகக் கட்டும் நம் நாட்டு அடுக்குத் தேனீயின் சிறிய உடலுக்குப் பொருந்தவில்லை. நியூட்டன் என்ற பாதிரியார் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தத் தேனீக்கு ஏற்ற சிறிய பெட்டியை வடிவமைத்தார். அது தென்னகமெங்கும் பரவியது. பின்னாளில் "மார்த்தாண்டம் பெட்டி" என்று ஊர்ப் பெயரிலேயே ஒரு வகையும் வந்தது.

மற்றொன்று, கற்றுக்கொடுக்க ஆள் வந்தது. ஒய்.எம்.சி.ஏ. என்ற கிறிஸ்தவ இளைஞர் அமைப்பு, சேலத்தில் பிறந்த கே.டி.பால் அதன் தேசியப் பொதுச்செயலராக இருந்தபோது நகரத்தை விட்டுக் கிராமப் பணியில் இறங்கியது. அதன் தொடர்ச்சியாக, 1920-களில் அமெரிக்கரான டுவேன் ஸ்பென்சர் ஹாட்ச் மார்த்தாண்டத்தில் ஊரகச் சீரமைப்பு மையத்தை நடத்தினார். அப்போது இது திருவிதாங்கூர் சமஸ்தானம். தொடுவெட்டிச் சந்தைதான் ஊருக்கு முகவரி. ஹாட்சின் முறை எளிமையானது: வெளியிலிருந்து பணம் கொண்டுவந்து கொட்டாமல், வீட்டில் ஏற்கெனவே இருப்பதிலிருந்து கூடுதலாக ஒரு வருமானத்துக்கு வழி காட்டுவது. கோழி, கருப்பட்டி, நெசவு, தேனீ என்று பலவும் முயன்று பார்க்கப்பட்டன. நிலமில்லாதவருக்கும் கைகூடியது தேனீ. அடுத்தவர் விளையில் மேய்ந்துவிட்டு நம் வீட்டுக்கு வந்து பால் கறக்கும் மாடு வேறு எது?

கற்றவர்கள் அடுத்தவருக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். 1930-களிலேயே தேனீ வளர்ப்போர் கூட்டுறவு சங்கமும் உருவாகிவிட்டது. ஹாட்சின் பெயர் தெரிந்த அளவுக்கு, பெட்டியைத் தோளில் சுமந்து ஊர் ஊராகச் சென்று ராணித் தேனீயை அடையாளம் காட்டிக்கொடுத்த உள்ளூர் மனிதர்களின் பெயர்கள் வெளியே தெரியவில்லை. தொழில் நிலைத்தது அவர்களால்தான்.

ஒரு பெட்டியின் ஓராண்டு

ஆனி முதல் புரட்டாசி வரை பஞ்ச காலம். தென்மேற்குப் பருவமழையில் தேனீ வெளியே போக முடியாது. போனாலும் மதுரம் இல்லை. அந்த நாட்களில் பெட்டிக்குள் சர்க்கரைக் கரைசல் வைப்பார்கள். இங்கேதான் பாமர வாசகருக்கு உறுத்தும்: அப்படியானால் சர்க்கரைத் தண்ணீர்தானே தேனாகிறது? இல்லை. அது கூட்டம் பட்டினியால் கூட்டைவிட்டு ஓடிப்போகாமல் இருக்கக் கொடுக்கிற கஞ்சி. தேனீ அதை அப்போதே தின்று தீர்க்கிறது. தேன் வரத்துத் தொடங்குவதற்கு முன்பே அதை நிறுத்திவிட்டு, அதன் பிறகு மேலே தேன் அறையைப் பொருத்துவதுதான் முறை. வரத்துக் காலத்திலும் கரைசல் வைக்கிறவர்கள் இல்லாமல் இல்லை. அதைப் பிடிப்பதற்கும் மேலே சொன்ன சி4 சோதனை இருக்கிறது.

ஐப்பசியிலிருந்து கூட்டம் பெருகும். வலுத்த கூட்டத்தை இரண்டாகப் பிரித்துப் புதிய பெட்டிகள் உண்டாக்குவார்கள். மார்கழியில் இடமாற்றம்.

இந்த இடமாற்றத்தை அருகில் நின்று பார்க்க வேண்டும். மாலை மங்கி, கடைசித் தேனீயும் உள்ளே நுழைந்த பிறகு வாசலைக் கம்பி வலையால் அடைப்பார்கள். பெட்டியைக் கயிற்றால் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டுவார்கள். காதை வைத்தால் தொலைவில் மழை பெய்வது போன்ற இரைச்சல் கேட்கும். டெம்போவில் வைக்கோல் பரப்பி, சட்டங்கள் வண்டி ஓடும் திசைக்கு இணையாக இருக்கும்படி அடுக்குவார்கள். குறுக்காக வைத்தால் குலுக்கலில் அடை ஒன்றோடொன்று மோதி ராணி நசுங்கிவிடும். விடிவதற்குள் ரப்பர் விளையில் இறக்கி, தண்ணீர்க் கிண்ணத்தில் பெட்டிக்கான தாங்கியை நிறுத்தி, பெட்டியை ஏற்றி, வலையை எடுத்துவிட வேண்டும். இரவில் செய்வதற்குக் காரணம், பகலில் நகர்த்தினால் மேயப்போனவை பழைய இடத்துக்கே திரும்பி அங்கேயே சுற்றிச் சாகும். தேனீக்கு வீட்டின் அடையாளம் இடம்தான்.

விளை யாருடையது? பெரும்பாலும் வேறொருவருடையது. பெட்டி வைக்க இடம் கொடுத்ததற்கு வாடகையாகப் பணமோ, அறுவடையில் சில பாட்டில் தேனோ போகும். எழுத்தில் ஒப்பந்தம் எதுவும் இருப்பதில்லை. விளைக்காரர் வழியாகப் போகும்போது சாய்ந்த பெட்டியை நிமிர்த்தி வைப்பார். பால்வெட்டு முடங்கிக் கிடந்தாலும் விளைப்பக்கம் ஒரு நடை போகிற தொழிலாளி, குளவி சுற்றுகிறது என்று தகவல் சொல்வார். தளிரின் சாம்பல் நோய்க்குக் கந்தகம் தூவும் நாளை முன்கூட்டியே சொல்லிவிடுவது மரியாதை. சொல்ல மறந்தால் சண்டையும் வரும். மார்த்தாண்டம் தேன் என்ற பெயருக்குப் பின்னால் உள்ள சமூக ஏற்பாடு இதுதான். எந்த லேபிளிலும் இது அச்சாவதில்லை.

தை முதல் பங்குனி வரை அறுவடை. ஏழெட்டு நாளுக்கு ஒருமுறை பெட்டியைத் திறந்து, லேசாகப் புகை காட்டி, நிறைந்த சட்டங்களை எடுத்து, மெழுகு மூடியைக் கத்தியால் சீவி, டிரம்மில் சுழற்றினால் தேன் சுவரில் சிதறி வழியும். கீழ்அறையில் தொடுவதில்லை, அது குஞ்சுகளின் சோறு.

1991: பெட்டிகள் மௌனமானபோது

இந்தத் தொழிலில் இருக்கும் அறுபது வயதுக்காரர் எவரும் காலத்தை இரண்டாகத்தான் பிரிப்பார்: நோய்க்கு முன், நோய்க்குப் பின்.

தாய் சாக்புரூட் என்ற வைரஸ் 1991, 1992 ஆண்டுகளில் தென்னிந்தியாவைத் தாக்கியது. அது வளர்ந்த தேனீயை விட்டுவிட்டுப் புழுவைப் பிடிக்கும். புழு கூட்டுப்புழுவாக மாறுவதற்கு முன்பே இறந்து, நீர் கட்டிய சிறிய பையாகத் தொங்கும். முள்கவையால் தூக்கினால் தலை நிமிர்ந்த தோணி போல இருக்கும். புதிய தலைமுறை பிறக்காததால் சில வாரங்களில் கூட்டம் கரைந்துவிடும். தென்னிந்தியாவில் பெட்டிகளில் வளர்த்த அடுக்குத் தேனீக் கூட்டங்களில் பத்தில் ஒன்பதுக்கு மேல் அழிந்தன. வைரஸுக்கு மருந்து கிடையாது. வேலைசெய்த பெட்டிகள் விறகாயின.

அந்த வெற்றிடத்தில்தான் இத்தாலியத் தேனீ தெற்கே இறங்கியது. அந்த நோய் அதைத் தாக்குவதில்லை, தேனும் மிகுதி. ஆனால் தீனிச் செலவு கூடுதல், ஓரிடத்தில் வைத்து வளர்க்க முடியாது. மார்த்தாண்டத்துக்காரர்களில் கணிசமானவர்கள் வேறு வழியில் போனார்கள். காட்டோரப் பொந்துகளில் தப்பிப் பிழைத்திருந்த அடுக்குத் தேனீக் கூட்டங்களைத் தேடிப் பிடித்துவந்து, அவற்றில் நோய் தாங்கியதை மட்டும் பிரித்துப் பெருக்கினார்கள். பரிணாமம் செய்கிற வேலைக்குக் கைகொடுத்தார்கள் என்று சொல்லலாம். இதற்கு ஆண்டுகள் பிடித்தன. அதற்குள் பாதிப் பேர் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். பாட்டியின் மருந்துக்காக வீட்டோரத்தில் மூங்கில் குழாயிலும் மண்சட்டியிலும் கொடுக்கில்லாத சிறுதேனீ வளர்த்தவர்கள் மட்டும் இந்தக் காலத்தில் அதிகம் இழக்கவில்லை. சிறுதேன் கிடைப்பது ஆண்டுக்குச் சில நூறு கிராம்தான். அதன் விலையும் அப்படி.

இன்றும் அந்த நோய் முற்றிலும் போய்விடவில்லை. ஒரு பெட்டியில் தெரிந்தால் அருகிலுள்ளவருக்குச் சொல்வதா, மறைப்பதா என்பது ஒருவரின் குணத்தைக் காட்டிவிடுகிற கேள்வி.

சங்கத்தின் பங்கு

தனியாள் ஒருவருக்குத் தேன் எடுக்கத் தெரியும். ஈரம் அளக்கவும் குறைக்கவும் தெரிய வேண்டும் என்பதில்லை. குமரி மாவட்டக் காற்று ஈரம் மிகுந்தது. அடுக்குத் தேனீ வற்றவைத்த ரப்பர் தேன் 20 விழுக்காட்டு வரம்பைத் தாண்டுவது எளிது. அதில் இயற்கையாகவே இருக்கும் ஈஸ்ட் விழித்துக்கொண்டால் நுரைத்துப் புளிக்கும். கூட்டுறவு சங்கம் வருவது இந்த இடத்தில். உறுப்பினர் கொண்டுவரும் தேனை எடைபோட்டு, ஈரம் பார்த்து, தரத்துக்கேற்ப விலை கொடுத்து வாங்கி, மிதமாகச் சூடாக்கி வடிகட்டி, அக்மார்க் என்ற அரசுத் தர முத்திரையோடு விற்கிறது. அக்மார்க்கில் தரப்பிரிவுகளைத் தீர்மானிப்பதில் ஈர அளவுக்கு முக்கிய இடம் உண்டு.

விளைச்சல் அதிகமான ஆண்டில் விலை தரைக்கு இறங்காமல் தாங்கிப்பிடிப்பதும் சங்கத்திடம் எதிர்பார்க்கப்படுகிறது. அது எப்போதும் நடப்பதில்லை என்று உறுப்பினர்கள் குறைப்படுவதும், வெளி வியாபாரி இரண்டு ரூபாய் கூட்டிக் கொடுத்தால் அதே உறுப்பினர்கள் அங்கே ஊற்றிவிடுகிறார்கள் என்று மறுதரப்புக் குறைப்படுவதும் கூட்டுறவுத் துறையின் பழைய கதை.

புவிசார் குறியீடு சொல்வதும் சொல்லாததும்

1999-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி சென்னையில் உள்ள பதிவகம் இதை வழங்குகிறது. குமரி மாவட்டத்தில் ஈத்தாமொழி நெட்டைத் தென்னை, மட்டி வாழை, மயிலாடி கற்சிற்பம் ஆகியவையும் இதைப் பெற்றவை.

1. இது பெயருக்கான பாதுகாப்பு. இந்த நிலப்பகுதியில், இந்த முறையில் உண்டான பொருளையே "மார்த்தாண்டம் தேன்" என்று விற்கலாம். வேறு ஊர்த் தேனுக்கு அந்தப் பெயரை ஒட்டுவது குற்றம்.

2. குறிப்பிட்ட ஒரு பாட்டிலில் கலப்படம் இல்லை என்பதற்கு இது சான்று ஆகாது. அதற்கு உணவுப் பாதுகாப்புச் சோதனையும் அக்மார்க்கும்தான்.

3. குறியீடு ஒரு தனி நிறுவனத்துக்குச் சொந்தமாவதில்லை. அந்த வட்டாரத்தின் உற்பத்தியாளர்கள் எல்லோருக்கும் பொது. ஆனால் முத்திரையைப் பயன்படுத்த ஒவ்வொருவரும் அங்கீகரிக்கப்பட்ட பயனாளராகப் பதிந்துகொள்ள வேண்டும். பதியாத சிறு வளர்ப்பவருக்குச் செய்தித்தாளில் வந்த பெருமையைத் தவிர வேறொன்றும் கிடைக்காது. பலருக்கு இது இன்னும் விளக்கப்படவில்லை என்பதுதான் குறை.

4. பதிவு 10 ஆண்டுகளுக்கு. பிறகு புதுப்பிக்க வேண்டும்.

குறியீட்டால் காக்க முடியாதவையும் உண்டு. தளிர் விரியும் தை, மாசியில் மழையோ பனிமூட்டமோ வந்தால் இளந்தளிரில் சாம்பல் நோய் பற்றும். இலை கருகி உதிர்ந்தால் அந்த ஆண்டுத் தேன் அவ்வளவுதான். முதிர்ந்த மரங்களை வெட்டி மறுநடவு செய்த விளையில், கன்றுகள் வளர்ந்து கூரை கட்டும் வரை பெட்டிக்கு வேலை இல்லை. அந்த இடைவெளியில் அன்னாசியும் வாழையும் லாபம் தரும். விளைக்காரரைக் குறை சொல்ல முடியாது.

கையில் இருக்கும் உறைந்த பாட்டிலுக்கு

1. அடுப்பில் வைத்துக் காய்ச்ச வேண்டாம். கொதித்தால் நொதிகளும் மணமும் போகும். முன்சொன்ன ஃபர்ஃபுராலும் ஏறும்.

2. கண்ணாடிப் பாட்டிலாக இருந்தால், மூடியைச் சற்றுத் தளர்த்தி, கை பொறுக்கும் சூட்டில் உள்ள தண்ணீரில், ஏறத்தாழ 40 முதல் 45 பாகையில், நிறுத்தி வையுங்கள். தண்ணீர் ஆறினால் மாற்றுங்கள். அரைமணியோ ஒரு மணியோ ஆகும். வெயிலில் வைத்தாலும் உருகும், நாள் பிடிக்கும்.

3. உருக்கியே ஆக வேண்டும் என்பதில்லை. உறைந்ததைக் கரண்டியால் எடுத்துத் தோசையில் தடவினால் வழியாது.

4. பிறந்த குழந்தைக்குத் தேனைத் தொட்டுச் சேனை வைக்கிற வழக்கம் இந்தப் பக்கம் இன்னும் இருக்கிறது. தேன் எவ்வளவு சுத்தமானாலும் ஒரு வயது நிறையாத குழந்தைக்குக் கொடுக்கக் கூடாது. அதில் இருக்கக்கூடிய ஒரு வகைப் பாக்டீரியாவின் வித்துகளைச் சமாளிக்கும் வலிமை அந்தக் குடலுக்கு இல்லை.

5. பாதி உறைந்த பாட்டிலில் மேலே நிற்கும் நீர்த்த பகுதியில்தான் ஈரம் அதிகம். புளிக்கத் தொடங்குவதும் அங்கேதான். ஈரக் கரண்டியை உள்ளே விடாதீர்கள்.